ராபன் தீவுச் சிறையை எப்படிப் பார்ப்பது?

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்குப் போகிறவர்களில் பலர் ராபன் தீவுக்குப் படகேறுவது ஒரே ஓர் அறையைப் பார்ப்பதற்காகத்தான். நெல்சன் மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த இடம் அது. ஏறக்குறைய எட்டடிக்கு ஏழடி. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால் பாயும் போர்வையும் ஒரு வாளியும் தெரியும். பின்னால் ஆட்கள் காத்திருப்பார்கள் என்பதால் அதிக நேரம் நிற்க முடியாது. ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

அந்த ஓர் அறையோடு திரும்பிவிட்டால், ஒரு பெரிய மனிதர் பட்ட பாட்டைப் பார்த்தோம் என்ற நிறைவு மட்டும் மிஞ்சும். அந்தப் பாட்டை அவர் ஏன் பட வேண்டி வந்தது, யார் எந்த விதியின்படி அதை நடத்தினார்கள், அந்த விதி எப்படி உடைந்தது என்பதெல்லாம் விளங்காமலே போய்விடும். ராபன் தீவில் அடி உதையும் இருந்தது. ஆனால் கைதிகளை அன்றாடம் அழுத்தியவை அளவுகள், அட்டவணைகள், அனுமதிச் சீட்டுகள். ஓர் அநீதி எப்படி அலுவலக வேலையாக மாறுகிறது என்பதை இந்தத் தீவைப் போலத் தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. அதைக் காண என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

எங்கே இருக்கிறது, யாரையெல்லாம் அடைத்தார்கள்?

கேப் டவுன் துறைமுகத்துக்கு எதிரே, டேபிள் விரிகுடாவில் இருக்கிறது ராபன் தீவு. பரப்பளவு சுமார் 5 சதுர கிலோமீட்டர். தட்டையான நிலம், ஓயாத காற்று, சுற்றிலும் குளிர்ந்த கடல். வானம் தெளிவாக இருந்தால் தீவிலிருந்து டேபிள் மலையும் நகரமும் நன்றாகத் தெரியும். கண்ணுக்கு எட்டும், காலுக்கு எட்டாது. சிறை வைப்பதற்கு இதைவிடத் தோதான இடம் வேண்டாம் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அவர்கள் இங்கே அனுப்பியவர்களில் முதன்மையானவர் அவுட்சுமாட்டோ. கோய்கோய் மக்களின் தலைவர்களில் ஒருவரான அவர் 1658இல் சிறை வைக்கப்பட்டு, அடுத்த ஆண்டே படகில் தப்பினார். டச்சுக்காரர்களின் ஆளுகையில் இருந்த இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் அரசர்களும் மதத் தலைவர்களும் இங்கே நாடு கடத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவரின் நினைவாகக் கட்டப்பட்ட முஸ்லிம் தர்கா சிறை வளாகத்துக்கு அருகிலேயே நிற்கிறது. பிறகு வந்த ஆங்கிலேயர்கள், தங்களை எதிர்த்துப் போரிட்ட கோசா இனத் தலைவர் மகானாவை 1819இல் இங்கே அடைத்தார்கள். அடுத்த ஆண்டு தப்ப முயன்றபோது அவர் கடலில் மூழ்கி இறந்தார்.

1846 முதல் 1931 வரை தீவில் தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். பேருந்தில் சுற்றி வரும்போது அவர்களின் கல்லறைகளும் அவர்களுக்காக எழுப்பிய தேவாலயமும் கண்ணில் படும். ஊருக்குள் வேண்டாதவர்கள் என்று அரசு முடிவு செய்தவர்களை எல்லாம் ஒதுக்கி வைக்கும் இடமாகவே முந்நூறு ஆண்டுகள் இந்தத் தீவு பயன்பட்டது. மண்டேலாவின் கதை அந்த நீண்ட வரிசையின் கடைசிப் பகுதி.

1961இல் தீவு சிறைத்துறையின் கைக்கு வந்தது. இன்று நாம் பார்க்கும் உயர்பாதுகாப்புச் சிறையைக் கட்டியவர்களும் கைதிகள்தாம். தீவிலேயே கல் உடைத்து, தங்களை அடைக்கப்போகும் சுவர்களைத் தாங்களே எழுப்பினார்கள். கடைசி அரசியல் கைதிகள் 1991இலும் மற்றக் கைதிகள் 1996இலும் வெளியேறினார்கள். 1997இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட தீவை, 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நிறத்தைப் பார்த்துச் சட்டம்

சிறைக்குள் நடந்தது புரிய வேண்டுமானால், சிறைக்கு வெளியே நாடு எப்படி இருந்தது என்று முதலில் தெரிய வேண்டும். 1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, அதுவரை வழக்கத்திலும் சில சட்டங்களிலும் இருந்த நிறப் பாகுபாட்டை ஒரு முழு ஆட்சிமுறையாகவே கட்டமைத்தது. அதன் அடித்தளம் 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம். ஒவ்வொரு மனிதரும் வெள்ளையரா, கறுப்பரா, கலப்பினத்தவரா என்று அரசு ஏட்டில் பதியப்பட்டார். இந்தியர்களுக்குத் தனி வகை இருந்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம், யாரை மணக்கலாம், எந்த பெஞ்சில் உட்காரலாம் என்பதெல்லாம் அந்த ஒரு பதிவைப் பொறுத்தது. கறுப்பின மக்கள் தங்கள் சொந்த நாட்டிலேயே நடமாட அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். கையில் அது இல்லையென்றால் கைது.

இந்தச் சட்டங்களை எதிர்த்தவர்களுக்குத்தான் ராபன் தீவு. 1964 ஜூனில் ரிவோனியா வழக்கில் மண்டேலா, வால்டர் சிசுலு, கோவன் இம்பெக்கி, அகமது கத்ராடா உள்ளிட்ட எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஏழு பேரை விமானத்தில் ராபன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். எட்டாமவரான டெனிஸ் கோல்ட்பர்க் மட்டும் பிரிட்டோரியா சிறையிலேயே வைக்கப்பட்டார். காரணம், அவர் வெள்ளையர். அரசைக் கவிழ்க்கச் சதி செய்தார்கள் என்று எட்டுப் பேரையும் ஒரே கூண்டில் நிறுத்திய அரசு, சிறையில் மட்டும் நிறம் பார்த்துப் பிரித்தது. கோல்ட்பர்க் 22 ஆண்டுகள் பிரிட்டோரியாவில் கழித்தார்.

அவர்கள் இருந்த காலத்தில் ராபன் தீவின் சிறைக்காவலர்கள் அனைவரும் வெள்ளையர்கள். அரசியல் கைதிகளில் ஒரு வெள்ளையர்கூடக் கிடையாது. பெண் கைதிகளும் அங்கே இல்லை.

சாப்பாட்டு அட்டை

சிறையில் நின்று படிக்க வேண்டிய ஒன்று, கைதிகளின் உணவு அளவுகளைக் காட்டும் அட்டை. பார்த்தால் நம் ரேஷன் கடைப் பலகை மாதிரிதான் இருக்கும்: இடப்பக்கம் பொருளின் பெயர், எதிரே அளவு. அளவுக்கு மட்டும் இரண்டு பத்திகள். ஒன்று கலப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும், மற்றது ‘பாண்டு’ என்று அரசு குறிப்பிட்ட ஆப்பிரிக்கர்களுக்கு.

இறைச்சி என்ற வரியில் ஆசியருக்கு 6 அவுன்ஸ், ஆப்பிரிக்கருக்கு 5 அவுன்ஸ். கொழுப்பு ஒன்றுக்கு அரை. சர்க்கரை ஒருவருக்கு 2 அவுன்ஸ், மற்றவருக்கு ஒன்றரை. ஜாம் ஆசியருக்கு ஒரு அவுன்ஸ், ஆப்பிரிக்கருக்கு ஒன்றுமில்லை. ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம். அரை அவுன்ஸ் சர்க்கரை என்றால் மூன்று, நான்கு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும்.

இந்த வித்தியாசத்தால் அரசுக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகியிருக்காது. அப்புறம் எதற்காக? ஒருவன் எந்தப் பிரிவில் பதியப்பட்டவன் என்பதை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அவனுக்கு நினைவூட்டத்தான். இந்தியரும் கறுப்பரும் ஒரே போராட்டத்தில் கைதாகி, ஒரே குற்றச்சாட்டில் தண்டனை பெற்று, ஒரே வரிசையில் தட்டேந்தி நிற்பார்கள். ஒரு தட்டில் ரொட்டி விழும், பக்கத்துத் தட்டில் மக்காச்சோளம் விழும். கைதிகளுக்குள் பொறாமையும் பிளவும் உண்டாக இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது.

உடையிலும் இதே கணக்குத்தான். ரிவோனியா கைதிகள் தீவுக்கு வந்து சேர்ந்தபோது கத்ராடாவுக்கு முழுக்கால் சட்டை கொடுத்தார்கள். அவரைவிட வயதில் மூத்த மண்டேலாவுக்கும் சிசுலுவுக்கும் அரைக்கால் சட்டை. ஆப்பிரிக்க ஆண்கள் எத்தனை வயதானாலும் ‘பையன்கள்’தான் என்பது அந்த அரசின் எண்ணம். தீவின் குளிர்காலத்தில் அரைக்கால் சட்டையோடு கல் உடைப்பது என்றால் என்ன என்பதை, அங்கே அடிக்கும் காற்றில் நின்றால் யாரும் சொல்லாமலே புரிந்துகொள்ளலாம்.

கைதிகள் இதற்குப் பணியவில்லை. ரொட்டி கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களோடு பகிர்ந்துகொண்டார்கள். கூடுதலாகக் கிடைப்பதை ஒருவர் மறுத்துவிட்டுக் கீழே இறங்கிச் சமமாவதைவிட, எல்லோருக்கும் அது கிடைக்கும்படி போராடுவதே சரி என்பது அவர்கள் எடுத்த நிலை. மனு எழுதினார்கள், வேலையை மெதுவாகச் செய்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், வந்துபோன செஞ்சிலுவைச் சங்கத்தாரிடம் முறையிட்டார்கள். சில ஆண்டுகளில் எல்லோருக்கும் முழுக்கால் சட்டை வந்தது.

சாப்பாடு சமமாக 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் நிர்வாகம் சர்க்கரையில் செய்த வேலையை மண்டேலா தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். ஆப்பிரிக்கர்களுக்கு அரைக் கரண்டி கூட்டினார்கள், இந்தியர்களுக்கும் கலப்பினத்தவருக்கும் அரைக் கரண்டி குறைத்தார்கள். பதினைந்து ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகும் ஓர் அரசாங்கம் அரைக் கரண்டி சர்க்கரையை விட மனமில்லாமல் கணக்குப் பார்த்தது. அந்த ஆட்சியின் மனசாட்சியை எடைபோட அந்த அரைக் கரண்டி போதும்.

சுண்ணாம்புக்கல் குவாரி

பேருந்து நிற்கும் இடங்களில் வெறும் வெள்ளைப் பள்ளமாகத் தெரிவது சுண்ணாம்புக்கல் குவாரி. பார்க்க ஒன்றுமில்லை என்று தோன்றும். மண்டேலாவும் தோழர்களும் 1965இல் இங்கே வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். ஆறு மாத வேலைதான் என்று சொல்லி அழைத்துப்போனவர்கள், 13 ஆண்டுகள் விடவில்லை. கடப்பாறையாலும் மண்வெட்டியாலும் சுண்ணாம்புப் பாளங்களைப் பெயர்த்தெடுப்பது வேலை.

உச்சி வெயிலில் அந்த வெள்ளைப் பாறையிலிருந்து கிளம்பும் கூசும் ஒளி கண்ணைக் குத்தும். கறுப்புக் கண்ணாடி கேட்டார்கள், கொடுக்கவில்லை. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் விடாமல் கேட்ட பிறகு, சொந்தச் செலவில் வாங்கிக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்குள் பலருக்குக் கண் கெட்டுவிட்டது. குடியரசுத் தலைவரான பிறகும் மண்டேலாவைக் கண் உபாதை விடவில்லை. அவர் கலந்துகொண்ட நிகழ்ச்சிகளில் ஃபிளாஷ் போட வேண்டாம் என்று புகைப்படக்காரர்களைக் கேட்டுக்கொண்டது இதனால்தான்.

அதே குவாரிதான் கைதிகளுக்குப் பள்ளிக்கூடமும் ஆனது. பக்கம் பக்கமாக நின்று வேலை செய்யும்போது வரலாறும் அரசியலும் பாடமாக நடந்தன. சிசுலு போன்ற மூத்தவர்கள் கற்பித்தார்கள், எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவர்கள் கற்றுக்கொண்டார்கள். அஞ்சல் வழியில் பட்டம் பெற்றவர்களும் உண்டு. ஆனால் படிப்பு உரிமையல்ல, எப்போது வேண்டுமானாலும் பிடுங்கக்கூடிய சலுகை. 1976இல் மண்டேலா ரகசியமாகத் தம் சுயசரிதையை எழுதினார். சக கைதி மாக் மகராஜ் அதைப் பொடி எழுத்தில் படியெடுத்து, விடுதலையானபோது வெளியே கடத்திச் சென்றார். மூலப்பிரதியைச் சிறை முற்றத்தில் புதைத்து வைத்திருந்தார்கள். சுவர் கட்டத் தோண்டியபோது அதில் ஒரு பகுதி அதிகாரிகள் கையில் சிக்கியது. மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவருக்கும் நான்கு ஆண்டுகள் படிப்பு அனுமதி ரத்தானது.

குவாரியின் வாயிலில் சிறு கற்குவியல் ஒன்று இருக்கும். 1995இல் முன்னாள் கைதிகள் தீவில் மீண்டும் கூடினார்கள். மண்டேலா ஒரு கல்லை எடுத்து வைக்க, மற்றவர்களும் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். அரசோ சிற்பியோ அமைத்த நினைவுச்சின்னம் அல்ல அது. அதிலிருந்து யாரும் கல்லை எடுத்துவரக் கூடாது, புதிதாக வைக்கவும் வேண்டாம்.

சோபுக்வேயின் வீடு

வழியில் தனியாக ஒரு சிறு வீட்டைக் காட்டுவார்கள். சிறை என்றே தெரியாது. அங்கே ராபர்ட் சோபுக்வே ஆறு ஆண்டுகள் தன்னந்தனியாக வைக்கப்பட்டிருந்தார். 1960 மார்ச் 21 அன்று அனுமதிப் புத்தகச் சட்டத்துக்கு எதிராக நாடு தழுவிய போராட்டத்தை நடத்தியவர் அவர். அன்றுதான் ஷார்ப்வில்லில் போலீஸ் சுட்டதில் 69 பேர் உயிரிழந்தார்கள். சோபுக்வேக்கு மூன்று ஆண்டுச் சிறை.

1963இல் தண்டனைக் காலம் முடியும் நேரத்தில் நாடாளுமன்றம் ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தது. தண்டனை முடிந்த கைதியையும் விடாமல் வைத்திருக்கலாம், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கலாம் என்றது அந்தப் பிரிவு. ‘சோபுக்வே பிரிவு’ என்றே அதை அழைத்தார்கள். வழக்கு இல்லை, குற்றச்சாட்டு இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு தனி மனிதரை அடைத்து வைக்க ஒரு நாட்டின் நாடாளுமன்றமே கூடிச் சட்டம் செய்தது.

மற்றக் கைதிகளோடு அவர் பேசக் கூடாது. அவர்கள் வேலைக்காக அந்த வழியே போகும்போது, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி விரல்களுக்கிடையே வழிய விடுவாராம். இந்த மண்ணின் பிள்ளைகள் நாம் என்பது அதன் பொருள். 1969இல் தீவிலிருந்து வெளியே விட்டார்கள், ஆனாலும் 1978இல் இறக்கும் வரை கிம்பர்லி நகரத்துக்குள் கட்டுப்படுத்தப்பட்டே வாழ்ந்தார். மண்டேலாவின் அறை முன்னால் கூட்டம் நிற்கும், இந்த வீட்டைப் பேருந்து சீக்கிரமாகக் கடந்துவிடும். சட்டத்தின் பெயரால் என்னென்ன செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

இந்தத் தீவில் நம்மவர்கள்

மதராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகளை 1860 நவம்பரில் டர்பனில் இறக்கியது. அப்படிப் போனவர்களின் வழிவந்தவர்களும், பின்னால் குடியேறியவர்களும் தென்னாப்பிரிக்கச் சிறைகளை நன்றாகவே அறிந்தவர்கள். காந்தியின் சத்தியாக்கிரகத்தில் அவரோடு தோளோடு தோள் நின்று பலமுறை சிறை சென்றவர் தம்பி நாயுடு. மொரீஷியஸில் பிறந்த தமிழர். 1908இல் ஜோகன்னஸ்பர்க் சிறையிலிருந்து அரசுக்குப் போன சமரசக் கடிதத்தில் காந்தியோடும், சீனர்களின் தலைவரோடும் கையெழுத்திட்டவர் அவர்.

அவருடைய பேரன் இந்த்ரஸ் நாயுடு 1963இல் நாசவேலை வழக்கில் பிடிபட்டு, பத்து ஆண்டுகள் ராபன் தீவில் கழித்தார். அவர் எண் 885/63, அதாவது 1963ஆம் ஆண்டின் 885ஆம் கைதி. மண்டேலாவின் 466/64 என்ற எண்ணுக்கும் இதே பொருள்தான். விடுதலைக்குப் பிறகு தீவு வாழ்க்கையை அவர் புத்தகமாக எழுதினார். பாட்டன் காலத்துச் சட்டத்துக்கும் பேரன் காலத்துச் சட்டத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு ஓடியிருந்தது. நிறம் பார்க்கும் வழக்கம் தளரவில்லை, இறுகித்தான் போயிருந்தது.

டர்பனைச் சேர்ந்த சோனி வெங்கட்ரத்னம் 1970களில் இங்கே கைதியாக இருந்தவர். ஷேக்ஸ்பியரின் முழுத் தொகுப்பு ஒன்று அவரிடம் இருந்தது. காவலர்கள் பிடுங்கிவிடாமல் இருக்க, தீபாவளி வாழ்த்து அட்டைகளை அதன் மேல் ஒட்டி, இது எங்கள் மதப் புத்தகம் என்று சொல்லி வைத்துக்கொண்டார். சாமி படத்தைப் பார்த்த காவலர்களும் விட்டுவிட்டார்கள். அந்தப் புத்தகம் அறை அறையாகச் சுற்றியது. 30க்கும் மேற்பட்ட கைதிகள் தங்களுக்குப் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்திட்டார்கள். 1977 டிசம்பர் 16 என்று தேதியிட்டு, ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஓரிடத்தில் மண்டேலா கையெழுத்திட்டிருக்கிறார். ‘ராபன் தீவு பைபிள்’ என்று பெயர் பெற்றுவிட்ட அந்தப் பிரதி, 2012இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

வழிகாட்டியே சாட்சி

ராபன் தீவின் தனிச்சிறப்பு அதன் வழிகாட்டிகள். சிறைக்குள் நம்மை அழைத்துச் செல்கிறவர் பெரும்பாலும் அங்கேயே அரசியல் கைதியாக இருந்தவர். நான் படுத்திருந்த இடம் இது, என் எண் இது என்று அவர் சொல்லும்போது, நாம் படித்து வந்த வரலாறு எதிரே நின்று பேசுகிறது. ஆண்டுகள் ஓட ஓட இவர்களில் பலர் முதுமையடைந்துவிட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போவது நல்லது.

எப்படிக் கேட்பது என்றும் யோசித்துக்கொண்டு போக வேண்டும். அடித்தார்களா, எப்படி அடித்தார்கள் என்று எடுத்த எடுப்பிலேயே கேட்பது சரியல்ல. தினமும் பல குழுக்களுக்கு முன் தம் வாழ்வின் மிக மோசமான நாள்களைச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். அன்றாடம் பற்றிக் கேளுங்கள். காலையில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? வீட்டுக் கடிதம் எப்போது வரும்? யாரிடம் படித்தீர்கள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குத்தான் மனம் திறந்த பதில் கிடைக்கும்.

கடிதம் பற்றிக் கேட்டால் மட்டுமே வெளிவரும் செய்திகள் உண்டு. தொடக்க ஆண்டுகளில் கடைநிலைப் பிரிவுக் கைதிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு பார்வையாளர். கடிதம் 500 சொல்லைத் தாண்டக் கூடாது. தணிக்கையாளர் பிடிக்காத வரிகளைக் கத்தரித்து ஓட்டையோடு கொடுப்பார். பார்க்க வருபவரோடு அரை மணி நேரம் பேசலாம், அதுவும் குடும்ப விஷயம் மட்டும், ஆங்கிலத்திலோ ஆப்பிரிக்கான்ஸிலோ மட்டும். தாய்மொழி தவிர வேறு மொழி தெரியாத ஒரு தாய், நாள் கணக்கில் பயணம் செய்து வந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகனைப் பார்த்தால் என்ன பேசியிருப்பாள்? 1968இல் மண்டேலாவின் தாய் இறந்தார், அடுத்த ஆண்டு மூத்த மகன் விபத்தில் இறந்தார். இரண்டு இறுதிச் சடங்குக்கும் அவரை விடவில்லை.

புறப்படும் முன்

படகு கேப் டவுன் கடற்கரையிலுள்ள நெல்சன் மண்டேலா நுழைவாயிலிலிருந்து கிளம்புகிறது. படகுப் பயணம், பேருந்துச் சுற்று, சிறை எல்லாம் சேர்த்து மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகும். டிசம்பர், ஜனவரி விடுமுறைக் காலத்தில் டிக்கெட் கிடைப்பது கடினம், முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும். காற்று பலத்தாலோ மூடுபனி இறங்கினாலோ படகை நிறுத்திவிடுவார்கள். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின நாளில் இதை வைத்துக்கொள்ளாமல், தங்கும் நாள்களின் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால், ஒரு நாள் தவறினாலும் இன்னொரு நாள் போகலாம். கோடையிலும் காற்றைத் தாங்கும் மேலுடை வேண்டும்.

புகைப்படம் எடுக்கலாம். ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைதி போல நடித்துப் படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள், அங்கே உண்மையிலேயே கம்பியைப் பிடித்து நின்றவர் பக்கத்தில் இருக்கிறார். பிள்ளைகளை அழைத்துப்போகலாமா என்று பலர் தயங்குகிறார்கள். பள்ளிப் பாடமாக நியாயம் அநியாயம் படிக்கும் வயது வந்துவிட்டால் தாராளமாக அழைத்துப்போகலாம். சாப்பாட்டு அட்டையைக் காட்டி, ஏன் ஒருவருக்கு ஜாம் இல்லை என்று அவர்களையே கேளுங்கள். பெரியவர்களைவிட அவர்களுக்குத்தான் அந்த அநியாயம் சட்டென்று உறைக்கும்.

தீவு சொல்லும் கதையில் விடுபடுபவர்களையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்டேலாவும் அவருடைய கட்சியும் முன்னால் நிற்பதால், சோபுக்வேயின் கட்சியினர், 1976 சொவேட்டோ எழுச்சிக்குப் பின் வந்து குவிந்த இளைஞர்கள், அண்டை நாடான நமீபியாவின் விடுதலைக்காகப் போராடி 16 ஆண்டுகள் இங்கே கிடந்த டோய்வோ யா டோய்வோ போன்றவர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். வழிகாட்டியிடம் இவர்களைப் பற்றிக் கேட்டால் அவர் மகிழ்ச்சியோடு சொல்வார்.

ஜோகன்னஸ்பர்க்கிலும் ஓரிடம்

ராபன் தீவை மட்டும் பார்த்தால் பெண்களின் சிறைவாசம் கண்ணில் படாது. அதைக் காண ஜோகன்னஸ்பர்க் போக வேண்டும். அங்கே கான்ஸ்டிட்யூஷன் ஹில் என்ற குன்றின் மேல் பழைய கோட்டைச் சிறை, கறுப்பின ஆண்களை அடைத்த ‘நம்பர் ஃபோர்’, பெண்கள் சிறை மூன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. காந்தியும் மண்டேலாவும் வெவ்வேறு காலங்களில் இந்த வளாகத்தில் கைதிகளாக இருந்தார்கள். வின்னி மண்டேலாவும் ஆல்பர்ட்டினா சிசுலுவும் பெண்கள் சிறையில் இருந்தார்கள். நம்பர் ஃபோரில் சோதனை என்ற பேரில் கைதிகளை நிர்வாணமாகக் குதிக்கவைத்த முற்றத்தை இன்றும் பார்க்கலாம்.

இந்த வளாகத்தில் விசாரணைக் கைதிகளை வைத்திருந்த கட்டடத்தை மட்டும் இடித்தார்கள். அதன் நான்கு படிக்கட்டுக் கூடுகளை அப்படியே விட்டுவிட்டு, செங்கற்களை எடுத்து அதே இடத்தில் புதிதாக ஒரு கட்டடம் எழுப்பினார்கள். 2004இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம்தான் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம். நாடாளுமன்றம் இயற்றும் சட்டமே ஆனாலும் குடிமக்களின் அடிப்படை உரிமைக்கு எதிராக இருந்தால் அதைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. சோபுக்வேயை அடைத்து வைக்கச் செய்தது போன்ற ஒரு சட்டத்தை இன்று எந்த அரசு கொண்டுவந்தாலும், அதை எதிர்த்து இந்தக் கதவைத் தட்டலாம்.

நினைவிடங்களைப் பாதுகாப்பதன் பயன் இங்கேதான் முழுதாக விளங்குகிறது. தங்கள் துன்பத்தின் சின்னமாக மட்டும் ராபன் தீவு நிற்கக் கூடாது, துன்பத்தை மனிதர்கள் வென்றதன் சின்னமாக நிற்க வேண்டும் என்று கத்ராடா வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். வெல்வது என்றால் என்ன என்பதற்குக் கைகூடிய விடை இந்த நீதிமன்றம். அவுன்ஸ் கணக்கில் மனிதரைப் பிரித்தது ஒரு விதி என்றால், யாரையும் அப்படிப் பிரிக்க முடியாது என்பதும் ஒரு விதியாக எழுதப்பட்டு, அதைக் காக்க ஆளும் அமர்த்தப்பட வேண்டும். அப்போதுதான் விடுதலை நிலைக்கும்.

நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும் நாள்களில் பொதுமக்கள் உள்ளே போய் உட்கார்ந்து கேட்கலாம். தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் ராபன் தீவுக்கு ஒரு நாள் ஒதுக்கினால், இங்கேயும் அரை நாள் ஒதுக்குங்கள். சிறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பார்வையாளர் இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, சாதாரணக் குடிமகன் ஒருவர் தம் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கைக் கேட்டுவிட்டு வாருங்கள்.